மாடி அறை அடுப்பும் ஒனொரினாவின் இடுப்பும்

அக்டோபர் 4

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். இந்த வீட்டுக்குள் ஒரு நாள் கரண்டில் ஓடும் அடுப்பு வரும் என்று பத்து வருடத்துக்கு முன்பே மதுக்கடையில் சாட்சிகளோடு சொன்னேன். சாட்சிகளில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டு எர்மெஸ். எனக்குச் சாதகமான எதையும் அவன் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள மாட்டான்.

இன்று இலாரியா வந்தாள். என் தங்கை ஒனொரினாவின் மகள். உடினே நகரத்தில் நான்காவது மாடியில் இருக்கிறாள். வந்ததும் மாடி அறைக்குப் போய் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்ததாம்.

"மேல அடுப்புக்கு ஏன் விறகு போகல?"

"உங்கம்மாவுக்கு இடுப்பு போச்சு. கூடையத் தூக்கிட்டுப் படி ஏற முடியல" என்றேன். ஒனொரினா பொலெந்தாக் களியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். திரும்பவில்லை.

"நீங்க தூக்கலாமே மாமா?"

"நான் விறகு பொளக்கிறவன். பொளக்கிறவன் சுமக்க ஆரம்பிச்சா ரெண்டு வேலையும் கெட்டுப்போகும்."

அவள் ஒரே போடாகப் போட்டாள். "நவம்பர்ல சான் மார்த்தினோ திருநாளுக்கு வருவேன். மாடி சூடா இருக்கணும். இல்லன்னா ரெண்டு பேரும் குளிர் முடியற வரைக்கும் என்கூட."

நான்காவது மாடியில் நான் என்ன செய்வது? அது மட்டுமில்லை. பொதுக்காட்டு விறகில் பங்கு, குளிர்காலம் முழுக்கப் புகை வரும் வீட்டுக்குத்தான். ஒரு குளிருக்குக் கதவைப் பூட்டினால் பட்டியலில் பேரை அடித்துவிடுவார்கள். எங்கள் பேர் ஐந்நூறு வருடமாக அதில் இருக்கிறது. ஒனொரினா நூற்றிருபது என்கிறாள்.

கடைசியில் இலாரியாவே சொன்னாள், பெல்லட் அடுப்பு ஒன்று வாங்கி மேலே வைக்கிறேன் என்று. பத்து வருடத்துக்கு முன்பே சொன்னேனா இல்லையா?

அக்டோபர் 9

எர்மெஸ் தன் விறகை இறவாணத்துக்குக் கீழே அடுக்கி முடித்துவிட்டான். ரூல்தடி வைத்த மாதிரி. பொதுக்காட்டில் வெட்டிய எங்கள் பீச் மர உருளைகள் இன்னும் தார்ப்பாயின் கீழே முழுசாகக் கிடக்கின்றன. போன வருடத்து விறகில் கொஞ்சம்தான் மிச்சம்.

"என்ன ஜெலிந்தோ, இந்த வருஷம் உன் கோடாலிச் சத்தமே கேக்கல. தூங்குதா?"

"தீட்டக் குடுத்திருக்கேன். ஆஸ்திரியாவுக்கு."

"அங்கயே வெச்சுக்குவாங்க, பாத்துக்க."

அக்டோபர் 23

அடுப்பு வந்துவிட்டது. ஆறு பேர் தூக்கி வந்தார்கள் (சரி, இரண்டு பேர்). காபிக் கடை மெஷினைப் போல மினுக்குகிறது. மேலே ஒரு தொட்டி. மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை அதில் கொட்டினால், உள்ளே ஒரு திருகு சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்குத் தள்ளும். பொருத்த வந்தவன் இதையெல்லாம் எனக்கு விளக்கினான். இல்லை, நான்தான் அவனுக்கு விளக்கினேன். "பெல்லட்டத் தவிர வேற எதையும் போடாதீங்க" என்று மூன்று தடவை சொன்னான். ஏன் மூன்று தடவை?

ஒனொரினா அவன் முன்னால் இடது காலை நொண்டினாள்.

அக்டோபர் 26

பெல்லட் மூட்டை பதினைந்து கிலோ. நான் பால்வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோகிறேன். ஒரு நாளைக்கு ஏழு நடை.

"மூட்டையோட தூக்கிட்டுப் போயேண்ணா, எறும்பு மாதிரி போய்ட்டு வர்றே."

"புது அடுப்பு. ஒரேயடியா குடுத்தா மந்தம் தட்டும்."

அவள் வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள்.

நவம்பர் 3

ஒரு பரிசோதனை செய்தேன். பொலெந்தா சாப்பிட்டுத்தான் எங்கள் முன்னோர் இந்த மலையில் பனியைத் தாங்கினார்கள். மனுஷனைச் சூடாக்கும் சோளம் அடுப்பைச் சூடாக்காதா? கோழிக்கு வைத்திருந்த சோளத்தில் அரை வாளி கலந்தேன். இருபது நிமிடம் அருமையாக எரிந்தது.

நவம்பர் 4

திருகு சிக்கிவிட்டது. முகப்பில் ஏதோ எழுத்து மின்னுகிறது.

நவம்பர் 6

பொருத்தியவனே வந்தான். கழற்றி, உறிஞ்சும் மெஷினை வைத்து உள்ளே இருந்ததை எடுத்தான். உள்ளங்கையில் கருகிய சோளத்தை வைத்துக்கொண்டு கேட்டான்: "யார் போட்டது?"

"கோழியா இருக்கும்."

"கோழி மாடி ஏறுமா?"

"எங்க ஊர்க் கோழி ஏறும்."

ஒனொரினா அவனுக்கு ஒரு கிளாஸ் ஒயின் ஊற்றினாள். "அந்தக் கோழிக்கு இங்கயே ரூம் இருக்குப்பா, எழுபத்தியொரு வயசு" என்றாள். இருவரும் ரொம்ப நேரம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மரியாதைக்கு.

நவம்பர் 11

சான் மார்த்தினோ. கஷ்கொட்டை வறுத்தோம். மாடி அறையில் இருபத்தியொரு டிகிரி. இலாரியா கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டாள். அதைப் பார்க்கவே நிறைவாக இருந்தது.

ஒனொரினா இன்று வலது காலை நொண்டினாள். வலி இடம் மாறும். டாக்டர்கள் பலருக்கே இது தெரியாது.

"சரி, இருங்க" என்றாள் இலாரியா. "ஆனா என்னிக்காவது வீடு சில்லுனு போச்சுன்னு கேள்விப்பட்டேன், அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்."

டிசம்பர் 8

பனி. இரண்டரை மீட்டர். முழங்கால் அளவு என்கிறாள் ஒனொரினா; அவள் குள்ளம். மதியம் கரண்ட் போனது. மேலே அடுப்பு ஒரு பெருமூச்சு விட்டது, திருகு நின்றது, முகப்பு இருண்டது. தொட்டி நிறையக் குச்சி, ஒன்றுக்கும் உதவாது. இதையும் நான் எதிர்பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

படுக்கைகளை அடுக்களைக்கு இறக்கி, விறகடுப்புக்குப் பக்கத்தில் போட்டோம்.

டிசம்பர் 9

கரண்ட் இல்லை. பிளந்த விறகு மதியத்தோடு தீர்ந்தது. இலாரியா போன் செய்தாள். "ரோடு திறந்ததும் நாளைக்கு வர்றேன். பையக் கட்டி வைங்க."

கோடாலியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். திரும்பி வந்தேன். கைப்பிடி ஈரம்.

நாற்காலி ஒன்றை உடைத்து எரித்தோம். பழசுதான்.

டிசம்பர் 10

விடிந்ததும் தொக், தொக் என்று சத்தம். ஜன்னலில் பார்த்தால், ஒனொரினா என் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் பீச் உருளைகளைப் பிளந்துகொண்டிருக்கிறாள். ஒரு அடிக்கு ஒன்று. வேலிக்கு அந்தப் பக்கம் எர்மெஸ், பனி தள்ளும் பலகையோடு, வாயைத் திறந்தபடி நிற்கிறான்.

"ஒனொரினா, உன் இடுப்பு?"

"பனி பட்டுச் சரியாயிடுச்சு."

எர்மெஸ் ஜன்னல் பக்கம் திரும்பினான். நான் நின்றிருந்தேன், இடது கையில் காபிக் கோப்பை, வலது கை சட்டைப் பித்தான்களுக்கு நடுவே. என்னென்னவோ சொல்லப்போகிறான், தெரு முழுக்கக் கேட்கப்போகிறது என்று நினைத்தேன்.

பலகையைச் சாத்தி வைத்தான். தன் கோடாலியோடு வந்தான். பிறகு தெருவே கேட்கிற மாதிரிதான் சொன்னான்: "ஜெலிந்தோ, இறங்கி வா. நாங்க பொளக்கறோம், நீ எண்ணு. எண்ணத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் வேணும்."

எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு துண்டு.

பனி அள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே இலாரியா வந்தாள். புகைபோக்கியில் புகை, அடுக்களையில் வேர்வை, வாணலியில் பாலாடைக்கட்டி உருகுகிறது. அம்மா கையில் கோடாலி.

"மாமா, என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"சாப்பாடு ஆறுது."

எர்மெஸ்தான் பேசினான். "மேல மெஷின், கீழ விறகு. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு பாத்துக்கும். பொளக்க நான் இருக்கேன். உங்க மாமா வாய மூடிட்டு இருந்தா போதும்."

"அதுதான் கஷ்டம்" என்றாள் இலாரியா. ஆனால் காரிலிருந்து காலிப் பெட்டிகளை இறக்கவே இல்லை. சாயங்காலம் கரண்ட் வந்தது. மேலே திருகு தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

ஜனவரி 6

காலையில் விறகுப் பங்குக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எங்கள் பேர் பட்டியலில் இருக்கிறது. எங்கள் பங்கும் எர்மெஸின் பங்கும் பக்கத்துப் பக்கத்தில். அவன் வெட்டுவான், நான் எண்ணுவேன்.

மாலையில் திருநாள் தீ மூட்டினோம். புகை கிழக்கே போனால் நல்ல வருடம். புகை கிழக்கே போனது, அப்படியும் இப்படியும் கொஞ்சம் ஆடினாலும். செவ்வாய்க்கிழமை இலாரியா என்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறாள்.

ஏன் என்றால், அக்டோபர் நாலாம் தேதிப் பக்கத்தில் ஒரு திருத்தம். ஒனொரினாவின் இடுப்பு. அது நான் கட்டிய கதை. ஆகஸ்டிலிருந்து மேலே தூக்க முடியாமல் இருப்பது என் வலது தோள். அவளுக்கு எந்தப் பக்கமும் வலி இருந்ததில்லை. நான் ஒரு வார்த்தை கேட்காமலே எனக்காக நொண்டினாள்.

எந்தக் கால் என்று மட்டும் நான் முதலிலேயே சொல்லி வைத்திருக்க வேண்டும்.