நாணும் நாடியும்

மாசி 8, ஞாயிறு

காலையில் பனி. வைகையில் மணல்தான். டிரில் மாஸ்டர் சாமுவேல் வைக்கோல் பிரி சுற்றி இலக்கு கட்டியிருந்தார். மூங்கில் வில் இரண்டு. விரலுக்குப் போட மூன்று சாமான்: ஊருக்குப் போன பாதிரியார் விட்டுச் சென்ற கையுறை, ஆட்டுத்தோல் துண்டு, வேட்டிக் கிழிசல்.

கையுறை பெரிது. கிழிசல் நாணில் சிக்குகிறது. தோல் பரவாயில்லை; ஆனால் நாண் எப்போது நழுவுகிறது என்று தெரியவில்லை. வெறும் விரலில் தெரிகிறது. இருபது அம்பில் ஒன்பது பட்டது. நாற்பது வயதில் இப்படியொரு சந்தோஷம்.

சாமுவேல் சொன்னார்: "தோலைப் போட்டுக்கங்க வைத்தியரே. நாடி பாக்குற விரல்."

"ஒரு நாள்ல என்ன ஆயிரும் மாஸ்டர்?"

அதற்குப் பிறகு வெறும் விரலில் இன்னும் அறுபது அம்பு.

மாசி 9, திங்கள்

விரல் மூன்றும் சிவந்து வீக்கம். வேப்பெண்ணெய் தடவினேன்.

விளாங்குடியிலிருந்து ஒரு அம்மாள், மருமகள் பேச்சியோடு. பெண்ணுக்கு ஓயாத வாந்தி. கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை.

"முழுகாம இருக்கேங்கிறா. போன தடவையும் இப்படித்தான் சொன்னா அய்யா. வெறும் பித்தம்."

இடக்கையில் நாடி பார்த்தேன். பித்தம்தான் என்றேன். பேதிக் கஷாயம் கொடுத்து, நாளை விடியலில் வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னேன். பெண் குப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மாசி 10, செவ்வாய்

மனைவி சுக்குக் காப்பியை நீட்டி, "கொதிக்குது, துண்டு வச்சுப் பிடிங்க" என்றாள். கவனமில்லாமல் வெறுங்கையால் வாங்கினேன். கட்டைவிரல் சுட்டது. நாண் இழுத்த மூன்று விரலும் சுடவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தேன். நேற்று எதைப் பார்த்தேன்? விரல் எதுவும் சொல்லவில்லை. மாமியார் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

காப்பி குடிக்காமல் விளாங்குடிக்கு ஜட்கா வண்டி பிடித்தேன். பிள்ளை இருந்தால் பேதி மருந்து அதைக் கலைத்துவிடும். வழியெல்லாம் ஒரே கணக்கு: விடிந்து எவ்வளவு நேரம் ஆயிற்று.

மாமியார் வாசலில் வரட்டி தட்டிக்கொண்டிருந்தார். மருந்து குடித்தாளா என்று கேட்டேன்.

"விடியவுமே குடிச்சிட்டா."

சொல்லிவிட்டேன். வில் இழுத்ததில் விரல் மரத்திருந்தது, நேற்று சொன்னதை நம்பவேண்டாம், பெண் முழுகாமல் இருந்தாலும் இருக்கலாம். அந்த அம்மாள் தட்டிய கையை நிறுத்தினார்.

"இதைச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"ஆமா."

மாமியார் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். பேச்சி கதவோரம் வந்தாள்.

"குடிக்கல அய்யா. எருக்குழியில ஊத்திட்டேன். அத்தைகிட்ட சொல்லிராதீக."

நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கையப் பிடிச்சுப் பாத்து இல்லைன்னுட்டீக. அதுக்கு மேல எம்பேச்சு எடுபடுமா?"

மாமியார் திரும்பியதும், "மருந்து வேலை செய்யல போல, நல்லதாப் போச்சு, இனிக் குடுக்காதீங்க" என்றேன். இன்று சொன்ன பொய் இது ஒன்றுதான்.

மாசி 12, வியாழன்

மரப்பு அப்படியே. நாடி பார்க்கவில்லை. வந்தவர்களிடம் காரணம் சொல்லி அனுப்பினேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "இனிமே வரலாமா வேண்டாமா?" என்று நேராகவே கேட்டார்.

வெந்நீர் ஒத்தடம். தைலம். தூக்கம் சரியில்லை.

மாசி 19, வியாழன்

நெல்லிக்காய் வாங்கவேண்டும். கூரை ஒழுக்கு.

விரலுக்கு உணர்வு வந்துவிட்டது. கண்ணை மூடித் தடவினால் அரிசி வேறு, நொய் வேறு.

பேச்சியும் மாமியாரும் வந்தார்கள். வருவார்கள் என்று நினைக்கவில்லை. கையைத் தொடுமுன் கேட்டேன்: "உனக்கு எப்படிம்மா இருக்கு?"

மாமியார் வாயைத் திறந்தார். "அவ சொல்லட்டும்மா" என்றேன். தலைமுழுகி ஐம்பது நாள், புளிச்சட்டி வாசனை ஆகவில்லை, எல்லாம் சொன்னாள். பிறகுதான் நாடி. பிள்ளைதான். ஆனாலும் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் ஒரு தடவை காட்டச் சொன்னேன்.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேச்சி அவரைத்தான் பார்த்தாள், என்னை அல்ல.

மாசி 22, ஞாயிறு

வெயில் வந்துவிட்டது. சில தேசங்களில் கட்டைவிரலில் வளையம் மாட்டி நாண் இழுப்பார்கள் என்று சாமுவேல் ஒருமுறை சொல்லியிருந்தார். சிம்மக்கல்லில் கொம்புச் சீப்பு செய்யும் ராவுத்தரிடம் எருமைக் கொம்பில் ஒன்று அறுத்து வாங்கினேன். நாடி பார்க்கும் மூன்று விரலுக்கும் இனி இதில் வேலையில்லை.

அம்பை வில்லின் மறுபக்கம் வைக்கவேண்டும். எல்லாம் முதலிலிருந்து. பத்து அம்பு, ஒன்றும் படவில்லை. ஒன்று ஆற்றைத் தாண்டப் பார்த்தது.

சாமுவேல் சொன்னார்: "தோல் போட்டுப் பழையபடி இழுத்தா என்ன?"

"வேண்டாம் மாஸ்டர்."

பதினோராவது அம்பு. அதுவும் மணலில்.