நாற்பத்தொரு படங்கள்

7 ஜூலை 2008, திங்கள்
காலையிலிருந்து மழை. குடை மறந்தேன். சிஞ்ச்வடிலிருந்து பல்கலைக்கழகம் வரை பஸ்ஸில் நின்றபடியே. இன்று: எட்டுப் பக்கம் ஸ்கேன், இட்லிக்கு அரிசி ஊறப்போட, அவருக்கு இருமல் மருந்து.

இணையத்தில் இலவசப் பாடங்கள் போடும் திட்டத்துக்கு எங்கள் தாவரவியல் துறையிலிருந்து ஒன்றுமே போகவில்லையாம். துறைத் தலைவர் மறுபடியும்: "உங்க செய்முறைக் கையேடு ரெடியாத்தானே இருக்கு மேடம்? புதன்கிழமைக்குள்ள ஏத்திடுங்க."

இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுப்பது. எழுத்து என்னுடையது. தண்டு, வேர், இலைக் குறுக்குவெட்டுப் படங்கள் நாற்பத்தொன்றும் சுனந்தா வரைந்தவை. என் அறையிலேயே எதிர் மேஜை. இப்போது மாமியாரின் ஆபரேஷனுக்காக சோலாப்பூரில். அவளிடம் கேட்க வேண்டும்.

9, புதன்
சுனந்தாவுக்கு போன். எடுக்கவில்லை. ஒரே ஒரு தடவைதான் அடித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

படிவத்தில் ஆசிரியர் பெயருக்கு ஒரே கட்டம். என் பெயர். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பெயரை மட்டும் குறிப்பிட வேண்டும் என்ற உரிமம். ஏற்றியாயிற்று. அவள் வந்ததும் திருத்திக்கொள்ளலாம். முதுகு வலி.

14, திங்கள்
விதர்பாவில் ஏதோ சின்ன ஊர்க் கல்லூரி ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல். அங்கே மொத்தத்துக்கும் ஒரே மைக்ராஸ்கோப். "உங்கள் படங்களைப் பார்த்த பிறகுதான் என் மாணவர்களுக்குப் புரிந்தது."

உங்கள் படங்கள். இரண்டு முறை படித்தேன். பதில் போடவில்லை.

15, செவ்வாய்
சுனந்தா வந்துவிட்டாள். கையேடு பிரமாதம் என்று என்னைப் பற்றித் துறைத் தலைவர் அவளிடமே பாராட்டியிருக்கிறார்.

உட்காரக்கூட இல்லை. மராத்தியில் கேட்டாள்: "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீங்க?"

பதினான்கு வருடமாக என்னை 'தூ' என்பவள். இன்று 'தும்ஹி'. நீ போய் நீங்கள்.

"போன் பண்ணினேன்."

"ஒரு தடவை. பார்த்தேன்."

"இன்னைக்கே உன் பேரைச் சேர்த்துடறேன் சுனந்தா."

"கேட்டிருந்தா நானே சந்தோஷமா கொடுத்திருப்பேன். இப்ப வேண்டாம். படங்களை எடுத்துடுங்க. எழுத்து உங்களோடதுதானே, அது இருக்கட்டும்."

மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்க மறந்தேன்.

16, புதன்
எடுத்துவிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளை. மேலே 'படத்தைப் பார்க்க' என்று நான் எழுதிய வரி மட்டும்.

விதர்பா ஆசிரியருக்கு ஒருவழியாகப் பதில். படங்கள் என்னுடையவை அல்ல, வரைந்தவர் டாக்டர் சுனந்தா, அவரைக் கேட்காமல் போட்டது என் தவறு என்று. அனுப்பிய பிறகும் மனசு லேசாகவில்லை.

வீட்டில் அவர்: "இதுக்குப் போயா சாப்பிடாம உக்காந்திருக்கே? பேரைப் போட்டா முடிஞ்சு போச்சு."

மாவு புளித்துவிட்டது.

18, வெள்ளி
சோளத் தண்டை நானே வரைந்து பார்த்தேன். சல்லடை மாதிரி வந்தது. கிழித்துப் போட்டேன். மத்தியானம் தனியாகச் சாப்பாடு. சுனந்தா டப்பாவை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். மூன்றாவது நாள்.

23, புதன்
மழை விட்டிருக்கிறது. துணி காயும்.

விதர்பாவிலிருந்து நன்றிக் கடிதம். அவர் சுனந்தாவுக்கே எழுதினாராம். படங்களைத் தன் பெயரில் தனியாக இணையத்தில் ஏற்றிவிட்டதாக அவள் பதில் போட்டிருக்கிறாள். எதிர் மேஜையில் நடந்தது எனக்கு எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் சொல்லித் தெரிகிறது.

திறந்து பார்த்தேன். மூலத்திலிருந்து எடுத்த ஸ்கேன், என்னுடையதைவிடத் துல்லியம். அதே உரிமம்தான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

எழுந்து ஆய்வகத்துக்குப் போனேன்.

"சுனந்தா, உன் படங்களை என் கையேட்டுல சேர்த்துக்கட்டுமா?"

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யார் வேணும்னாலும் எடுக்கலாம்னு போட்டிருக்கேனே."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

லென்ஸைத் திருகி மாற்றினாள். பிறகு, "ம்."

மேஜைக்குத் திரும்பி, ஒவ்வொரு படமாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் அவள் பெயர். ஒன்பது முடிந்தது.