பின் சக்கரத்து ரீட்ரெட் டயர்

ஞாயிற்றுக்கிழமை இரவு, சித்தூர்

கோயமுத்தூர் ரேஸ் டிராக்கில் இன்று முதன்முறை ஓட்டுபவர்களுக்கான நாள். இந்த வயதில் ஒரு சுற்றாவது ஓட்டிவிட வேண்டும் என்று என் காரில் போனேன். பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் என் கையாலேயே மாற்றியிருந்தேன். நல்ல ஹெல்மெட்டும் வாங்கியிருந்தேன். பின் டயர் இரண்டும் மட்டும் ரீட்ரெட் செய்தவை.

வண்டிகளைச் சோதித்த பெண் குனிந்து பார்த்ததுமே தலையாட்டினாள்.

"பழைய டயர்மேல புது ரப்பர் ஒட்டியிருக்கறீங்க. உள்ள விடமாட்டனுங்க ஐயா."

"நெல்லியாம்பதி மலையே இதுலதான் ஏறி எறங்கறேன். நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

"மலைக்கே போங்க. இங்க சூட்டுல பிஞ்சு வந்துருமுங்க."

அத்தனை பேர் முன்னால் திருப்பி அனுப்பிவிட்டாள். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் பின்னால் படபடவென்று அடித்தது. ஓரங்கட்டிப் பார்த்தால், ஒட்டிய ரப்பர் பாதி உரிந்து தொங்குகிறது. அதுவும் மெதுவாக வரும்போதே.

கூட வந்த மனைவி சரசுவதி இறங்கிப் பார்த்தாள். "ஏனுங்க, அந்தப் புள்ளைய இன்னுங் கொஞ்சம் திட்டுங்க," என்றாள். நான் ஸ்டெப்னி மாட்ட, கழற்றிய நட்டுகளை முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

டிராக்கின் வளைவில், முழு வேகத்தில் அது உரிந்திருந்தால்... எழுத வேண்டாம்.

டிராக்கில் அந்தப் பெண் பேசிய விதம் இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தன்மையாகச் சொல்லியிருந்தால் நான் வாதாடியே உள்ளே போயிருப்பேன். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். நேரில் நன்றி சொல்ல எனக்கு வாய் வராது. நாலும் புது டயராக மாட்டி, அடுத்த தடவை முதல் வண்டியாக அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். குனிந்து பார்க்கட்டும்.