முன்சீட்டு

மார்ச் 3

தம்பியைத் தூக்கிவிட்டார்கள். அவன் ஆரம்பித்த ஆம்புலன்ஸ் சேவைக்கு இனி அவன் தலைவன் இல்லையாம், நானாம். இத்தனை வருஷம் ஷிப்டு போட்டு, டயர் மாற்றி, மருந்துப் பெட்டி நிரப்பிக்கொண்டு ஓரமாக இருந்தவளை இழுத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டது கமிட்டி.

நான் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரம் டீசல் போட மறந்துவிட்டான். நோயாளியோடு வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. அவர் பிழைத்துக்கொண்டார், இவன் பதவி பிழைக்கவில்லை.

"அக்கா, இனி உன் பாடு" என்று சாவிக்கொத்தை வைத்துவிட்டுச் சிரித்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மார்ச் 9

ஒரு வண்டிகூடத் தாமதமில்லை. அப்புறம் ஏன் ஆபீஸ் இழவு வீடு மாதிரி இருக்கிறது?

மார்ச் 14

நான் நுழைந்ததும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் என்ன பேயா?

மார்ச் 22

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

மத்தியானம் கொட்டும் மழை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு: தலைப்பிரசவம், வலி எடுத்துவிட்டது. பாலத்தில் தண்ணீர் ஏறுவதாகச் செய்தி. மீசைக்கார டிரைவரைக் கிளம்பச் சொன்னேன். அவர் நகரவில்லை.

"போறேன் மேடம். நீங்க வர்றீங்களா?"

நக்கல் என்றுதான் நினைத்தேன். இல்லை, நிஜமாகவே கேட்கிறார். "இந்த மாதிரி நாள்ல தம்பி முன்சீட்டுல ஏறிடுவாரு. அதான் கேட்டேன்."

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷமா இது எனக்குத் தெரியாமலே போச்சே! ஊர் சுத்தப் போறான்னுல்ல நெனச்சேன்!

ஏறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. பாலத்தில் கொஞ்ச தூரம் போனதும் தண்ணீர் கதவைத் தொட்டது. அவர் மேற்கொண்டு போகப் பார்த்தார். "திருப்புங்க. சுத்து வழியில போவோம்" என்றேன். மறுபேச்சில்லை, உடனே ரிவர்ஸ் எடுத்தார். தண்ணீரில் வண்டியை விடக்கூடாது என்று போன வாரம் நான் சுற்றறிக்கை அனுப்பியபோது, "ரூம்ல உட்கார்ந்து எழுதுறாங்க" என்று கேலி செய்த அதே மனுஷன்! அதே வார்த்தைதானே? பக்கத்துல உட்கார்ந்து சொன்னா வேற ஆயிடுமா?

ஆயிடுது.

சுற்று வழியில் போய் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது குழந்தை வண்டியிலேயே பிறந்தது. கூட வந்த நர்ஸ் சொன்னபடி டார்ச் பிடித்தேன். தாயும் பிள்ளையும் நலம். நான்தான் இன்னும் நலமில்லை.

மார்ச் 23

"நாற்காலியை நீயே எடுத்துக்கோடா" என்று தம்பியிடம் போய்ச் சொன்னேன்.

"வேண்டாம்க்கா. அன்னைக்கு டீசல் இல்லாம வண்டி நின்னப்ப அந்த நோயாளியோட பொண்டாட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுலயே நிக்குது. அன்னைக்கும் நான் முன்சீட்டுலதான் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்து என்ன புண்ணியம்?"

இவனா பேசுகிறான்? சாவிக்கொத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2

டிரைவர் ஒருவர் விலகிய இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம். காலையில் வந்து நின்றது தம்பி! விளையாடுகிறான் என்று முறைத்தேன். லைசென்ஸை எடுத்து நீட்டினான்.

வேலையில் சேர்ந்த கையோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். டயரை அமுக்கிப் பார்த்தான். ஆக்சிஜனைத் திறந்து பார்த்தான். மருந்துப் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்கினான். யாரும் சொல்லவில்லை.

பிறகு என்னிடம் வந்து, "எல்லாம் சரியா இருக்குக்கா. கிளம்பட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் காத்து நின்றான். என்னிடம் இதுவரை எதற்குமே கேட்காத பயல். சரி என்று தலையை ஆட்டினேன்.