புரட்டாதிச் சனியில் பட்ட பாரை

இன்று புரட்டாதிச் சனி. காலையில் கோயிலுக்குப் போய், சனீசுவரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு நினைவு வந்தது கடவுள் அல்ல, பாரை மீன். விரத நாளில், கோயிலுக்குள் நின்றுகொண்டு. இந்தப் பழி உன்னைத்தான் சேரும். நீ இருந்திருந்தால் வாசலுக்கு வந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டு ஏசியிருப்பேன். இப்போது எழுதி ஆற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாங்கள் மூவரும் கடலுக்குச் சம்பந்தமில்லாதவர்கள். புத்தூரில் உழவு இயந்திரம் திருத்துகிற நீ, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற நான், தபால் கந்தோர்ச் சிவம். லண்டனில் இருந்து உன் மகள் அனுப்பிய அந்த நீளமான தூண்டில் தடியும் ரீலும் வராமல் இருந்திருந்தால், வார இறுதிகளில் நாங்கள் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டுதான் இருந்திருப்போம். அது வந்த பிறகு, சனியும் ஞாயிறும் தொண்டைமானாற்றுக் கடற்கரைதான் எங்கள் இருப்பிடம். முழங்கால் தண்ணீரில் இறங்கி, தடியைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், ஈயத்தையும் கணவாய்த் துண்டையும் அலைக்கு அப்பால் நீ எறிவாய். பிறகு தடியை மணலில் நட்ட குழாயில் செருகிவிட்டு, பிளேன்ரீயும் வறுத்த கச்சான் கடலையுமாக உட்கார்ந்து நாட்டு நடப்புக் கதைப்போம். அந்தப் பக்கத்துக் கடல்தொழில் ஆட்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்காமல் தாண்டிப் போனதில்லை. விரலளவுக் கெளிறு மீனும் ஓரா மீனும் தவிர எங்களுக்கு ஒன்றும் பட்டதுமில்லை.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை அவ்வளவு துணிவாகப் புறப்பட்டோம். சிவம்தான் தயங்கினான்.

"டேய், இண்டைக்குப் புரட்டாதிச் சனியடா. வீட்டிலை எள்ளெண்ணெய் எரிச்சுக் காகத்துக்குச் சோறு வைச்சுப்போட்டு, தூண்டிலோடை வெளிக்கிடுறதே?"

"எங்களுக்கு எண்டைக்கடா மீன் பட்டது?" என்றாய் நீ. "நாங்கள் காத்து வாங்கப் போறம். காத்து என்ன மச்ச மாமிசமே?"

இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டோம். விரதக்காரர் மூவர் கணவாய் வாங்கிக்கொண்டு போய்த் தூண்டில் போட்டோம்.

வெயில் தாழ்கிற நேரம் தடி வளைந்தது. முதலில் கல்லில் மாட்டிவிட்டது என்றுதான் நினைத்தாய். பிறகு ரீல் கத்திக்கொண்டு சுற்ற, தங்கூசி நூல் நேரே கடலுக்குள் ஓடியது. நீ கரையோரமாக ஓட, உன்னைக் கடல் இழுத்துவிடும் என்று சிவம் உன் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட, நான் இரண்டு பேருக்கும் பின்னால் ஒரு பிரயோசனமும் இல்லாமல் கத்திக்கொண்டு ஓடினேன். கடைசியில் பாரை கரைக்கு வந்தது. பால்குடிப் பிள்ளை அளவு இருந்தது. நீ அதன் பக்கத்தில் மணலில் விழுந்து கிடந்து சிரித்தாய். உன்னை அப்படிச் சிரிக்க நான் வேறு எப்போதும் கண்டதில்லை.

சிரிப்பு அடங்கியதும்தான் மூவருக்கும் புத்தி வந்தது. இதை எங்கே கொண்டுபோவது? தூண்டில் ஊசி செவுள்வரை இறங்கியிருந்ததால் திரும்ப விடவும் வழியில்லை, மீன் செத்துவிட்டது. வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்தோம். "உந்த மீனோடை படலை தாண்டிப் பாருங்கோ தெரியும்" என்றாள் உன் மனைவி. "பிரிட்ஜுக்குள்ளை வைச்சியளெண்டால் பிரிட்ஜையும் சேர்த்து றோட்டிலை வைப்பன்" என்றாள் என் மனைவி. சிவத்தின் மனைவி மீன் என்ற சொல்லைக் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

விற்பதில்லை என்பது உன் சட்டம். விளையாட்டுக்குப் பிடித்த மீனை விற்றால் தொழில் செய்கிறவன் வயிற்றில் அடிப்பது போல என்பாய். பக்கத்து மீன்வாடியில் சும்மாவாவது கொடுப்போம் என்றேன். "கொல்லன் தெருவிலை ஊசியே?" என்றாய். "அதோடை அவையும் இண்டைக்கு விரதம்தான்."

அப்போதுதான் சிவம், கடலைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னான்: "முனையிலை ஒரு வீடு இருக்கு."

யாருடைய வீடு என்று நீ கேட்கவில்லை. பருத்தித்துறை முனையில், வெளிச்சவீட்டுக்குக் கிட்ட, உன் அண்ணை இருந்தார். கத்தோலிக்கப் பெண்ணை விரும்பிக் கட்டி அவளுடைய வேதத்துக்கு மாறியவர். உன் அப்பா இறந்த அன்று, மூத்த மகனாகக் கொள்ளி வைக்க வந்தார். வேதக்காரன் வைத்தால் நாங்கள் எழும்பிப் போவோம் என்று இனசனம் நின்றது. நீதான் வாசல் படலைக்குப் போய், "அண்ணை, நீங்கள் உள்ளுக்கு வரவேண்டாம்" என்று சொன்னாய். அவர் ஒழுங்கையிலேயே நின்றார். பறை அடித்துப் பிரேதம் புறப்பட்டபோது தூரமாகப் பின்னால் நடந்துவந்து, சுடலை வாசலோடு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு நீங்கள் கதைக்கவில்லை. எத்தனையோ திவசம் வந்து போயிற்று. ஒவ்வொரு திவசத்துக்கும் நீ அவருக்குச் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியும்.

மீனை உரப்பைக்குள் போட்டு என் மோட்டார் சைக்கிளில் கட்டினோம். நீ எனக்குப் பின்னால் இருந்தாய், சிவம் தன் வண்டியில் தொடர்ந்து வந்தான். வல்வெட்டித்துறையைத் தாண்டினோம். பிறகு, "அவர் கதவைச் சாத்தினால் என்ன செய்யிறது?" என்று கேட்டாய். "மீனை வைச்சிட்டு வருவம்" என்றேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

படலையில் நின்று "அண்ணை" என்றாய்.  இரண்டாம்தரம் கூப்பிட்டதும் உள்ளே கேட்டது. சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்தவர், உன்னையும் பையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தம்பியே?"

"ஓம் அண்ணை. ஒரு பாரை பட்டது. வீட்டிலை எடுக்கமாட்டினமாம்."

இத்தனை வருடத்துக்குப் பிறகு நீ அவரோடு பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் அதைக் குறையாக எடுக்கவில்லை. "எப்பிடி எடுப்பினம்? புரட்டாதிச் சனியெல்லே" என்றபடி பையை வாங்கிக்கொண்டார். "உள்ளுக்கு வா."

நீ அசையவில்லை. உன் கால் அந்தப் படலையைத் தாண்ட மாட்டேன் என்று நின்றது. அவர் பையைக் கையில் பிடித்தபடி கேட்டார்:

"நீ உள்ளை வாறியோ, இல்லாட்டி நான் திரும்பவும் வெளியிலை வந்து நிக்கட்டோ?"

அவர் குரலில் கோபமே இல்லை. நீ தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாய்.

உள்ளே போனதும் அவர் மனைவியிடம், "இவை விரதம். புதுச் சட்டி எடுத்து மரக்கறி வையும்" என்றார். மீனைக் கிணற்றடிக்கும் அங்கால், வேலியோரம் கொண்டுபோய் வெட்டினார், எங்களுக்கு வெடுக்கு மணம் வரக்கூடாதென்று. கோயிலை விட்டுப்போன மனிதர் எங்கள் சனியை எங்களை விடக் கவனமாகக் காத்தார். பூசணிக்காய்க் கறியும் பருப்புமாகச் சோறு வந்தது. இரண்டு வாய் தின்றதும் நீ அழத் தொடங்கினாய். எங்களுக்கு மறைக்கவும் இல்லை. அவர் உன் முதுகில் கையை வைத்து, "சோறு ஆறுது, தின்" என்றார்.

அடுத்த ஞாயிறே அண்ணை கடற்கரைக்கு வந்தார். அதன் பிறகு எறிகிற வேலை அவருக்கும் உனக்கும் போட்டியாயிற்று. உன் தடி பிழை, உன் முடிச்சுப் பிழை, நீ எறிகிற விதமே பிழை என்று குறை சொல்லிக்கொண்டிருப்பார். நீ சண்டை பிடிப்பாய். பெரிய மீன் ஒன்றும் பிறகு படவில்லை. நீயும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

போன பங்குனியில் உன் இதயம் நின்றபோது, உன் வீட்டுப் படலையில் அண்ணை பழையபடி வெளியே தயங்கி நின்றார். நான் எழும்ப முதல் உன் மனைவி போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அன்று எழும்பிப் போவோம் என்றவர்களில் சிலர் அந்தப் பந்தலுக்குள்ளும் இருந்தார்கள். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. அவர் உனக்கு வாய்க்கரிசி போட்டார். பாதி அரிசி உன் நெஞ்சில் கொட்டியது. உன்னை இழந்த துக்கத்துக்குள்ளும், இது நடந்ததே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

இன்று கோயிலில் சிவம் என் பக்கத்தில் நின்றான். ஆவணியில் அவன் மகள் தான் விரும்பிய பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு காங்கேசன்துறையில் இருக்கிறாள். இவன் அந்தப் பக்கம் போவதில்லை, அவள் தொலைபேசி எடுத்தாலும் பேசுவதில்லை. வெளியே வந்து செருப்பைப் போடும்போது, பிள்ளையைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"காலம் வரட்டும், பாப்பம்."

"நீயும் மீன் படும் மட்டும் நிக்கப் போறியே?" என்றேன்.

அவன் முகம் சிவந்தது. என்னை ஏசப்போகிறான் என்றுதான் நினைத்தேன். மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு வீதிக்கு வந்தான். பிறகு என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டான்:

"வெறுங்கையோடை போகேலாது. என்ரை பெட்டைக்கு என்ன வாங்கிறது?"