படம் திறக்கும் நேரம்

மார்ச் 3, திங்கள்

பழைய கணினிகளுக்காக எழுதிய மென்பொருளைப் புதிய கணினியில் ஓடவைக்க, நடுவில் நின்று மொழிபெயர்க்கும் ஓர் அடுக்கு வேண்டும். அதைச் செய்து விற்பதுதான் எங்கள் பிழைப்பு. இப்போதைய வாடிக்கையாளர் ஒரு ஸ்கேன் மையம். அவர்களுடைய பழைய மென்பொருள் எந்தக் கோப்பைக் கேட்டாலும், அதைத் தொட அனுமதி உண்டா என்று எங்கள் அடுக்கு சரிபார்க்கும். அதனால் படம் மெதுவாகத் திறக்கிறது.

மேலாளர் பிஸ்கட் தின்ற விரலை நக்கி, அதே விரலால் என் திரையைத் தொட்டார். "இந்தச் செக்கிங்கைத் தூக்கிடும்மா. டெமோவுல பறக்கணும்."

அவர் போனதும் திரையை இரண்டு முறை துடைத்தேன்.

மார்ச் 4

முடியாது என்றேன். யாரோ ஒரு நோயாளி கொண்டுவரும் சிடியில் வைரஸ் இருந்தால் போதும், மற்ற எல்லோருடைய படங்களும் அறிக்கைகளும் அதன் கைக்குப் போய்விடும். ஒருமுறை கொடுத்த அனுமதியை நினைவில் வைத்துக்கொள்ளும்படி செய்தால் கொஞ்சம் வேகம் கிடைக்கும், மூன்று வாரம் கொடுங்கள் என்று கேட்டேன்.

"மூணு வாரத்துல வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க."

மார்ச் 5

பக்கத்து இருக்கை ஆமாஞ்சாமி அந்தச் சரிபார்ப்பை எடுத்துவிட்டான். ஒரே ஒரு வரி.

மார்ச் 7, வெள்ளி

டெமோ. கண்மூடித் திறப்பதற்குள் படம் வந்தது. மையத்தை நடத்தும் டாக்டரம்மா, "எப்படி இவ்வளவு வேகம்?" என்று கேட்டார்.

"பசங்க ராப்பகலா உழைச்சாங்க மேடம்" என்றார் மேலாளர்.

பச்சைப் பொய். ஆமாஞ்சாமி வேறு வெட்கப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டான். எல்லாரும் கைதட்டினாங்க. என் கையும் சேர்ந்து தட்டுச்சே — சீ, என்ன பொழப்பு இது?

மார்ச் 8

சாப்பிடும்போது வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். "உனக்கெதுக்கு ஊர் வம்பு? உன் வேலையப் பாரு" என்றார் கணவர்.

இதுதானே என் வேலை?

மார்ச் 10

மதியம் டாக்டரம்மாவிடம் நேரில் போனேன். அவர் சம்மதத்தோடு, அவர் கண்ணெதிரே, சிடியில் கொண்டுபோன, வைரஸ்போல் வேலைசெய்யும் ஒரு போலிப் படத்தைத் திறந்தேன். அடுத்த நொடி வேறு யாரோ ஒரு நோயாளியின் அறிக்கை திரையில் விரிந்தது. அவர் எட்டித் திரையை அணைத்துவிட்டார்.

"இது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் மேடம். தெரிஞ்சுதான் கைதட்டினேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு, "மெதுவா இருந்தா வர்றவங்க என்னைத்தான் திட்டுவாங்க" என்றார்.

"திட்டுவாங்க மேடம்."

மார்ச் 11

"சோறு போடுற இடத்துலயே மண்ணள்ளிப் போட்டுட்டியே." மேலாளர் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினார். செக்கிங்கைத் திரும்பப் போடச் சொல்லி டாக்டரம்மா காலையிலேயே போன் செய்துவிட்டாராம். வாயோரம் எச்சில். இனி எனக்குப் பிரிண்டர் வேலைதானாம். இருக்கட்டும். அந்த ஆளோட மூஞ்சியில முழிக்க வேணாம்.

ஏப்ரல் 22

அக்காவுக்கு முழங்கால் ஸ்கேன். அவளுடைய டாக்டர் அந்த மையத்துக்குத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். டாக்டரம்மா அறையில் உட்கார்ந்திருந்தோம். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னடி இது, நத்தை மாதிரி? எவன் செஞ்சான் இதை?" என்றாள் அக்கா.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்சம் பொறுங்கம்மா, வரும்."

வீடு வரும்வரை அக்கா திட்டிக்கொண்டே வந்தாள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.