அண்ணாச்சி காரில் ஏற்றிய மேப்

செவ்வாய், இரவு

முப்பது வருடம் டாக்ஸி ஓட்டிய செல்லையா அண்ணாச்சி இன்று தன் சொந்தக் காரோடு தாராவியில் என் கார் ஆக்சசரீஸ் கடைக்கு வந்தார். கார் வாங்கும்போதே இருந்த திரையில் மேப் வர வேண்டும், வெளியே எதுவும் தெரியக் கூடாது என்றார். டாஷ்போர்டைக் கழற்றி ஆன்டெனா, வயர் எல்லாவற்றையும் உள்ளே மறைத்தேன். ஒரு கீறல் இல்லை. கம்பெனிக்காரனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

"மும்பைல ஒங்களுக்குத் தெரியாத ரோடா அண்ணாச்சி?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சான்பாடாவில் உள்ள தன் வீட்டு விலாசத்தை மட்டும் ஏற்றச் சொன்னார்.

"எங்க நின்னு அமுக்குனாலும் வீட்டுக்கு வழி சொல்லுமாடே?"

"சொல்லும். போன்லயே பாக்கலாமே?"

"வீட்டுக்கு வாறதுக்கா வழி பாக்கியன்னு ஒம் மைனி கேப்பா. இது மொதல்லயே கார்ல இருந்ததுன்னு சொல்லிரு."

அண்ணாச்சியின் மனைவி, என் மைனி, கண்டுபிடிக்க மாட்டார்கள். என் வேலை அப்படி.